சுவிட்ச் எந்தப் பக்கம்

அக்காவை நினைக்கும்போது அவருடைய வலது கைதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒரு வயர்த் துண்டைப் பிடித்திருக்கும். பயிற்சிப் பலகைக்குச் சற்று மேலே அந்தக் கை இறங்காமல் நிற்கும். மேசையில் இருந்தது ஐந்து வோல்ட் கொடுக்கும் சின்னப் பெட்டி. குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாது. அதையும் அவரே அணைத்துவிட்டுத்தான் கையை நீட்டியிருப்பார். பெட்டியின் பச்சை விளக்கு அணைந்திருப்பதும் கண்ணுக்குத் தெரியும். இருந்தும் பக்கத்து மேசைப் பையனைத் திரும்பிப் பார்த்து, "ஆஃப் ஆயிருச்சுதானே?" என்று கேட்பார். அவன் ஆமாம் என்பான். கை அப்போதும் இறங்காது. வெளியே மழை பெய்யும். எங்கள் பின்கட்டின் தகரக் கூரையில் அது விழும் சத்தத்தில் வகுப்பே தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் இருக்கும். அந்தக் கை மட்டும் எதற்கோ காத்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கும்.

சிரம்பானில் கடைவீடுகளின் மேல்மாடியில் இருந்த ஒரு சின்னக் கல்லூரி அது. கீழே டயர் கடை. சனிக்கிழமை மதியங்களில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மின்பொறியியல் டிப்ளோமா வகுப்பு நடத்தினார்கள். முதல் பருவத்து மின்சுற்றுப் பாடம் என்னுடையது. எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. அக்காவுக்கு நாற்பது தாண்டியிருந்தது. தொழிற்சாலையின் நீல மேலங்கியைக் கழற்ற நேரமில்லாமல் பஸ் பிடித்து ஓடி வருவார். முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொள்வார். தமிழ்ப் பையன்கள் அவரை அக்கா என்றார்கள். அதைக் கேட்டு மலாய், சீனப் பையன்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். பிறகு நானும். ஆசிரியை மாணவியை அக்கா என்று கூப்பிடுவது எங்கள் மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு எப்படிக் கூப்பிட்டாலும் என் நாக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் என்னை மிஸ் என்பார். சில நேரம் மறந்துபோய் "வாம்மா" என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

மின்சுற்றுப் பாடத்தின் முதல் வாரங்கள் எனக்கு எப்போதும் கனவுபோலத்தான் தோன்றியிருக்கின்றன. வெண்பலகையில் ஒரு செவ்வகம் வரைகிறோம். ஒரு பக்கம் மின்கலம், எதிர்ப்பக்கம் விளக்கு. இரண்டையும் இணைக்கிற கோடுகளுக்குத் தடையே கிடையாது. மின்கலம் ஒருநாளும் களைப்பதில்லை. வயர் சூடாவதில்லை, துருப்பிடிப்பதில்லை, எலி கடிப்பதில்லை. புறப்பட்டது எல்லாம் திரும்பி வந்து சேர்கிறது. ஒரு முனையில் எவ்வளவு நுழைகிறதோ அவ்வளவு வெளியேறியாக வேண்டும் என்று சொல்லும்போது, உலகத்தில் ஏதோ ஒரு மூலையிலாவது நியாயம் இருக்கிறது என்ற நிம்மதி எனக்குள் பரவும். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பையன்களுக்கு அந்த நிம்மதி கடத்தப்படுகிறதா என்று பார்ப்பேன். அவர்களில் பாதிப்பேர் இரவு வேலை முடித்து வந்தவர்கள். அக்கா மட்டும் கண் கொட்டாமல் அந்தச் செவ்வகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வீட்டின் கதவையும் ஜன்னலையும் எண்ணிப் பார்ப்பதுபோல அவருடைய கண் கோடுகளின் மேல் நகரும்.

அன்றும் மழைதான். தொடர் சுற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரே வழியில் ஓடுகிற மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒரே அளவுதான், எந்த இடத்தில் அறுத்தாலும் முழுவதும் நின்றுவிடும் என்று விளக்கினேன். சுவிட்சை விளக்குக்கு முன்னால் வரைந்தேன். பிறகு அழித்துவிட்டு விளக்குக்குப் பின்னால் வரைந்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று மலாயில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன். அக்கா கையைத் தூக்கினார். எப்போதும் வகுப்பில் மலாயில் கேட்கிறவர், அன்று தமிழில் கேட்டார்.

"மிஸ், சுவிட்ச் முன்னால இருந்தாலும் பின்னால இருந்தாலும் ஒண்ணுதானா?"

"லைட்டுக்கு ஒண்ணுதான் அக்கா. எங்க அறுத்தாலும் லைட்டு நின்னுரும்."

உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார்.

"தொடுற ஆளுக்கு?"

நல்ல கேள்வி என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு பலகையை அழித்து, வீட்டுச் சுற்றை வரைந்தேன். மின்சாரம் வருகிற லைவ் கம்பி, அது திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி, நடுவில் ஒரு மெஷின். மெஷினுக்குப் பக்கத்தில் குச்சிக் கைகால்களோடு ஒரு மனிதனை வரைந்து, அவன் காலுக்குக் கீழே தரையைக் காட்ட ஒரு கோடு இழுத்தேன். சுவிட்சை நியூட்ரல் பக்கம் போட்டேன். இப்போது இது வேறு கதை என்றேன்.

"இப்ப ஆஃப் பண்ணுனா மெஷின் நிக்குமா, மிஸ்?"

"நிக்கும்."

"கரண்டு?"

"அது உள்ளயே இருக்கும் அக்கா. வர்ற வழி தெறந்துதான் இருக்கு. நாம அடச்சது போற வழிய. அதனாலதான் சுவிட்ச எப்பவும் லைவ் பக்கம் போடணும்னு சட்டம்."

"அந்த மெஷின்ல உள்ளாற வயரு புண்ணாகிக் கெடந்து, ஒருத்தரு ஈரத் தரையில வெறுங்காலோட நின்னு அதத் தொட்டா?"

"அவரே போற வழி ஆயிருவாரு" என்றேன்.

பாதி வகுப்புக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா பேனாவின் மூடியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு வெளியே போனார். பையும் மூக்குக்கண்ணாடியும் மேசையிலேயே இருந்தன. பையன்களுக்கு ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

பின்படிக்கட்டின் திருப்பத்தில் ஒரு ஜன்னல் உண்டு. அதன் வழியே பின்சந்தின் கூரைகள் தெரியும். அங்கே நின்றுகொண்டு அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. நான் வந்ததும் திரும்பாமலே, "நான் ஆஃப் பண்ணிட்டேன் மிஸ்" என்றார். ஆய்வகப் பெட்டியைத்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன்.

அந்த ஜன்னலோரத்தில்தான் அவருடைய கதை எனக்குத் தெரிந்தது. ரெம்பாவ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. கணவர் தோட்டத்து லோரி ஓட்டுநர். எதையும் பிரித்துப் பார்த்து மாட்டுகிற கை அவருக்கு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வரும் என்பதால் பழைய பம்பு ஒன்றை வாங்கி வந்து பின்கொட்டகையில் வைத்தார். வீட்டின் மின்பெட்டி வழியாக இழுத்தால் அடிக்கடி கரண்டு வெட்டிவிடுகிறது என்று பெட்டியைத் தொடாமல் தனியாக ஒரு வயர் இழுத்து, சமையல் நடக்கும் குசினியின் கதவோரம் அவரே சுவிட்ச் மாட்டினார். தட்டினால் பம்பு ஓடியது, மறுபடி தட்டினால் நின்றது. லயமே வந்து பார்த்துப் பாராட்டியது.

ஒரு சாயங்காலம் பம்பு புதிதாகக் கரகரவென்று சத்தம் போட்டது. கணவர் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு நின்றிருந்தார். "ஆஃப் பண்ணுப்பா, என்னான்னு பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டே கொட்டகைக்குள் போனார். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு சுவிட்சை அணைத்தார். சத்தம் நின்றது. நின்றதைத் தன் காதால் கேட்டதாக அக்கா இரண்டு முறை சொன்னார். அந்த அமைதியில்தான் கணவர் குனிந்து பம்பைத் தொட்டார்.

விசாரிக்க வந்தவர்கள் பம்பு பழுது என்று முடித்து, கொட்டகைப் பக்கம் வயரை அறுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பெரிய காரியம் முடிந்த வீட்டில் மாமியார்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஆஃப் பண்ணியிருந்தா எப்படிடீ கரண்டு அடிக்கும்?" பதில் சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வி வீடு வீடாகப் போனது. போகப் போக அது கேள்வியாக இல்லாமல் செய்தியாகிவிட்டது. மருமகள் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டாள், அதனால் மகன் போய்விட்டான்.

"ஆரம்பத்துல நான் சத்தியம் பண்ணுனேன் மிஸ். அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. கனவுல அந்தச் சுவிட்சு வரும். ஒரு நாளைக்கு மேல நோக்கி இருக்கும், ஒரு நாளைக்குக் கீழ நோக்கி இருக்கும். என் கை அதுமேல இருக்கும். எந்தப் பக்கம் தட்டுனேன்னு மட்டும் தெரியாது. முழிச்சுப் பாத்தா கை மரத்துப் போயிருக்கும்."

மகளைத் தூக்கிக்கொண்டு அவர் சிரம்பானை ஒட்டிய ராசா என்ற ஊருக்கு வந்துவிட்டார். கோயில் பக்கத்தில் ஒரு வாடகை வீடு, தொழிற்சாலையில் வேலை. பள்ளி விடுமுறைக்கு மட்டும் மகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவார். ஒரு விடுமுறை முடிந்து வந்த மகள் சில நாள் பேசாமல் இருந்தாள். பிறகு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடி கேட்டாள்: "அப்பாவுக்குக் கரண்டு அடிச்சப்போ நீ சுவிட்ச ஆஃப் பண்ணலயாம்மா?" அக்காவால் இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் எங்கள் கல்லூரியில் வந்து சேர்ந்தார். ஏன் படிக்க வந்தீர்கள் என்று கேட்டபோது பதவி உயர்வுக்காக என்று சொல்லியிருந்தார்.

கதை முடிந்ததும் மழையும் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. "இப்பத் தெரிஞ்சிருச்சே அக்கா. உங்க மேல தப்பே இல்ல. போய்ச் சொல்லிருங்க" என்றேன்.

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "அந்தச் சுவிட்ச மாட்டுனது அவரு, மிஸ். எம் பேரு சுத்தமாவணும்னா நான் அவரு பேரக் கெடுக்கணும். பெத்தவங்ககிட்டப் போயி, ஒங்க மகனேதான் தனக்கு எமன மாட்டி வச்சாருன்னு சொல்றதா? எம் மககிட்டச் சொல்றதா? அவளுக்கு அவ அப்பா ரேடியோ செஞ்ச கதைய நாந்தான் சொல்லி வளத்திருக்கேன்."

பேச்சை மாற்றுவதற்காக, அந்த வயர் இப்போது என்ன ஆயிற்று என்று கேட்டேன். கொழுந்தனார் அதை மறுபடி ஒட்டி, அத்தைக்கு வாஷிங் மெஷின் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்றார். பிறகு தன் வாயிலிருந்து வருவதைத் தானே கேட்பதுபோல மெதுவாகச் சொன்னார்: "சில நேரம் சுருக்குன்னு கடிக்குதுன்னு அத்த சொல்றதா எம் மக சொன்னா... ரப்பர் சிலிப்பர் போட்டுக்கிட்டுத்தான் துணி எடுப்பாங்களாம்..."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அக்கா அங்கேயே கைப்பேசியை எடுத்தார். மாமியாரும் அக்காவும் மகளின் விடுமுறையைப் பற்றியன்றி வேறெதற்கும் பேசிக்கொள்வதில்லை என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "அத்த, மெஷினத் தொடாதீங்க. நாளைக்கு வந்து சொல்றேன்" என்றார். மறுமுனைக் குரல் எனக்கும் கேட்டது. "நீ சொல்லி நான் தொடாம இருக்கணுமாக்கும்." பேச்சு அறுந்தது. அக்கா உடனே கொழுந்தனாரை அழைத்தார். அவர் தொலைவில், குவாந்தானில் வேலையில் இருந்தார். எப்படியோ அம்மாவிடம் பேசி, பிளக்கைப் பிடுங்கவும் வேண்டாம், பக்கத்திலேயே போக வேண்டாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்.

மறுநாள் ஞாயிறு. கோயில் பூசை முடிந்ததும் ராசாவில் அக்காவை என் காரில் ஏற்றிக்கொண்டேன். மகளுக்கு டியூஷன் இருந்தது. ரெம்பாவ் சாலையில் முந்தைய நாள் மழையின் ஆவி எழுந்துகொண்டிருந்தது. மலாய்க் கிராமங்களில் ரம்புத்தான் பழம் விற்கிறவர்கள் குடையை விரித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்குள் திரும்பியதும் வெயில் பச்சையாகிவிட்டது. செம்பனை ஓலைகள் இரு பக்கமும் மேலே சேர்ந்து, பாதை நீளமான ஒரு கனவின் உட்புறம்போலப் போய்க்கொண்டே இருந்தது. அக்கா வாய் திறக்கவில்லை. மடியில் என்னுடைய கருவிப் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒரு திருப்பத்தில் மட்டும், "இங்கதான் லோரிய நிறுத்தி எனக்குப் பூப் பறிச்சுக் குடுப்பாரு" என்றார். வெளியே பார்த்தேன். செடி எதுவும் இல்லை. பனைகள் மட்டும்தான்.

லயத்தில் முக்கால்வாசி வீடுகளில் இப்போது வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியர்களும் இருந்தார்கள். கொடியில் அவர்களுடைய கைலிகள் காய்ந்தன. மாமியார் வாசலில் நின்றிருந்தார். தோட்டம் ரப்பராக இருந்து பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து அங்கேயே இருப்பவர். உயரமான, எலும்பு தெரியும் உடம்பு. "வாங்க டீச்சர்" என்று என்னைக் கூப்பிட்டார். அக்காவின் பக்கம் அவர் முகம் திரும்பவில்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு விருந்தாளிபோல ஓரமாக நின்றார்.

சுவிட்ச் குசினிக் கதவோரம் இருந்தது. மஞ்சளேறிய வெள்ளைப் பிளாஸ்டிக். அதன்மேல் மை பேனாவால் 'பம்பு' என்று தமிழில் எழுதியிருந்தது. எழுத்து பாதி மங்கியிருந்தாலும் சுற்றிலும் தூசே இல்லை. யாரோ தினமும் துணியால் துடைக்கிறார்கள். அக்கா அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையை நகர்த்திக்கொண்டார்.

ரப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் நின்றோம். சுவிட்சை அணைக்கச் சொன்னேன். மாமியாரே வந்து அணைத்தார். நான் ஓடவிட்டிருந்த மெஷின் நின்றது. "நின்னுருச்சுல்ல? இதுல என்னா பாக்கணும்?" என்றார். கரண்டு இருந்தால் உள்ளே விளக்கு எரிகிற டெஸ்டரை நான் எடுத்தேன். அக்கா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். மெஷின் செருகப்பட்டிருந்த இணைப்பில் அதன் முனையை வைத்தார். பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் உள்ளங்கையைக் குவித்து நிழல் கொடுத்தேன். கண்ணாடிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு எரிந்தது.

"அத்த, கிட்ட வந்து பாருங்க. தொடாம பாருங்க."

மாமியார் குனிந்தார். என் கைக்குழிக்குள் எட்டிப் பார்த்தார். சுவிட்சைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி குனிந்தார். "ஆஃபுலதான இருக்கு?"

"ஆஃபுலதான் இருக்கு."

"பொறவு எப்படி எரியுது?"

அக்கா டெஸ்டரை எடுத்துவிட்டு, கொட்டகையின் சிமெண்டுத் தொட்டியைக் காட்டினார். "தொட்டிக்குத் தண்ணி வர்ற பைப்பு ஒண்ணு, போற ஓட்ட ஒண்ணு இருக்கு. பைப்ப மூடுனா தொட்டி காலியாயிரும். பைப்ப மூடாம போற ஓட்டைய மட்டும் அடச்சா? ஓட்டம் நின்னுரும் அத்த. ஆனா தண்ணி தொட்டியில ரொம்பி நிக்கும். இந்தச் சுவிட்சு போற ஓட்டைய அடைக்குது. மெஷின் நிக்குது, கரண்டு உள்ளாறவே நிக்குது."

வகுப்பில் நான் அப்படிச் சொல்லித் தரவில்லை. வழியிலெல்லாம் அவர் பேசாமல் வந்தது இதைத் தேடித்தான் என்று அப்போது புரிந்தது.

மாமியார் தொட்டியைப் பார்த்தபடி நின்றார். பக்கத்து வீட்டில் யாரோ புரியாத மொழியில் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அவசரமாகச் சொன்னார், "வயரெல்லாம் பழசாயிருச்சு அத்த. அதனாலதான் இப்படி ஆவுது. யாரு மேலயும் தப்பில்ல."

"பழசா?" என்றார் மாமியார். "அந்த வயரு பழசு இல்ல. சிரம்பான்ல புதுசா வாங்கிட்டு வந்தான். நாந்தான் ஏணியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவன் மேல ஏறி மாட்டுனான்." சுவிட்சின் பக்கம் திரும்பி, "அவந்தான் மாட்டுனான்" என்று மறுபடி சொன்னார். இம்முறை அது வேறு வாக்கியமாக இருந்தது.

அக்கா என்னமோ சொல்ல வாயெடுத்தார். மாமியார் கையை உயர்த்தி நிறுத்தினார். அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். அன்று முதல்முறையாக மருமகளின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஆஃப் பண்ணுனப்ப பம்பு நின்னுச்சா?"

"நின்னுச்சு அத்த."

"நின்ன பொறவுதான் குனிஞ்சானா?"

"ஆமா."

"ஏதாச்சும் சொன்னானா?"

அக்கா கையிலிருந்த டெஸ்டரைத் தரையில் வைத்தார். மாமியார் பக்கத்தில் விளிம்பைத் தட்டிக் காட்டினார். "இங்க உக்காரு. அன்னைக்கு என்னா நடந்துச்சுன்னு மொதல்லேருந்து சொல்லு. நான் ஒன்னய ஒருநாளும் கேக்கலம்மா."

நான் வெளியே வந்துவிட்டேன். முன்பக்கம் போய், தெருவுக்கான மின்கம்பத்திலிருந்து வரும் பெட்டியில் அந்த வயர் இணைந்திருந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, மொத்த மின்சாரத்தையும் நிறுத்திவிட்டு, அதைத் துண்டித்து முனைகளை மூடினேன். பிறகு பனை நிழலில் நின்றேன். குசினிப் பக்கமிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. சொற்கள் கேட்கவில்லை. ஒரே சீரான குரல். நடுவில் ஒருமுறை இரண்டு குரல்களும் சேர்ந்து உடைந்தன. பிறகு மறுபடி அந்த ஒற்றைக் குரல் தொடர்ந்தது. மரங்களுக்கு நடுவே எங்கோ ஒரு லோரி போனது. வெயில் ஓலைகளின் வழியே இறங்கி என் கையில் விழுந்து விழுந்து நகர்ந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று இப்போதும் சொல்ல முடியாது.

வெளியே வந்த மாமியார் என்னைக் கடந்து நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். வாசலில் வங்காளதேசத்துப் பையன் ஒருவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். அவனிடம் மலாயில், என் மருமகள் அன்றைக்குச் சுவிட்சை அணைத்துத்தான் இருந்தாள், அவள் மேல் தப்பு இல்லை, சுவிட்சில்தான் தப்பு என்றார். அவன் எழுந்து நின்று, "யா, மாக்சிக், யா" என்று, ஆமாம் அத்தை என்பதாக, மரியாதையாகத் தலையாட்டினான். அடுத்த வீட்டிலும் சொன்னார். அங்கே இருந்த இந்தோனேசியப் பெண் தன் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு முழுவதும் கேட்டாள். மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. மாமியார் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் அந்தக் கதையைச் சொன்ன காதுகளில் ஒன்றுகூட அந்த வரிசையில் இப்போது இல்லை என்பது அங்கேதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லோரும் ராசாவுக்கும் அதன் பக்கத்து ஊரான மம்பாவுக்கும் போய்விட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை பெரும்பாலும் நல்லவையே. அந்த வாரமே உரிமம் உள்ள வயர்மேன் போய் வீடு முழுவதையும் பார்த்து, எர்த் கம்பியும் பாதுகாப்புச் சுவிட்சும் போட்டுக் கொடுத்தார். அக்கா டிப்ளோமாவை முடித்தார். கணக்குப் பாடத்தில் ஒருமுறை தோற்று, மறுபடி எழுதி முடித்தார். இப்போது அதே தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். கல்லூரி வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது. குளிரூட்டிய அறையில் மழைச் சத்தம் கேட்பதில்லை. நான் இன்னும் அதே பாடத்தைத்தான் நடத்துகிறேன். களைக்காத மின்கலத்தையும் தடையில்லாத வயரையும் இன்றும் ஆசையோடு வரைகிறேன். ஆனால் சுவிட்ச் எங்கிருந்தாலும் ஒன்றுதான் என்ற இடம் வரும்போது, சுற்றுக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு ஒரு மனிதனை வரையாமல் அடுத்த பக்கத்தைத் திருப்புவதில்லை. யார் மிஸ் இவர் என்று பையன்கள் சிரிப்பார்கள். தொடப்போகிறவர் என்பேன்.

ஆனால் அந்த ஞாயிறு லயத்தோடு முடியவில்லை. பூட்டிய வீட்டிலிருந்து திரும்பி வந்த மாமியார் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். வீட்டைப் பூட்டினார். என் காரின் பின்கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"எங்க அத்த?" என்றார் அக்கா.

"மம்பாவ்ல ஒரு வீடு இருக்கு. ராசாவுல ரெண்டு மூணு இருக்கும். எல்லாத்துக்கும் போவணும். மொதல்ல ஒன் வீடு. அந்தப் புள்ளகிட்ட நாந்தான் சொன்னேன், நாந்தான் போயி மாத்திச் சொல்லணும். நீங்க வண்டிய எடுங்க டீச்சர்."

ராசாவுக்குப் போய்ச் சேரும்போது பிற்பகல் சாய்ந்திருந்தது. நான் காரிலேயே இருந்துவிட்டேன். கோயிலில் ஏதோ விசேஷம். மேளச் சத்தம் வந்து வந்து போனது. மகள் தலைக்குக் குளித்த ஈரக் கூந்தலோடு வந்து கம்பிக் கதவைத் திறந்தாள். பாட்டியைக் கண்டு ஆச்சரியத்தில் சிரித்து, உள்ளே வரச் சொல்லி வழிவிட்டாள். பாட்டி உள்ளே போகவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அக்கா காருக்கும் கதவுக்கும் நடுவில், என் கருவிப் பையைத் திருப்பிக் கொடுக்க மறந்து மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

பாட்டி என்ன சொன்னார், எந்தச் சொற்களில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. மகள் முதலில் பாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல நிமிர்ந்து, பாட்டியின் தோளுக்கு மேலே, தன் அம்மாவைப் பார்த்தாள்.